மச்சான் நுழைய முடியாத ஜேபிஜி

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவசாமி, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் முன்பே அன்று ஒரு சபதம் எடுத்துவிட்டார். மகள் ஜெயந்தினியின் காதுகுத்து அழைப்பிதழில் மச்சான் பழனியாண்டியின் பெயர் வரக்கூடாது. தாய்மாமனாவது, மடியாவது.

காரணம் சின்னதல்ல. எட்டாம் நம்பர் செருப்பு. போன மாரியம்மன் திருவிழாவில் மைக் பிடித்தவர் பழனியாண்டி. "நமது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவசாமி அவர்களின் இடது கால் செருப்பைக் காணவில்லை. கண்டெடுத்தவர்கள் மேடைக்குக் கொண்டு வரவும்" என்று மூன்று தரம் அறிவித்தார். குழாய் ஸ்பீக்கர் மூன்று மலைக்குக் கேட்டது. அன்றிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள், "ஐயா, கெடைச்சிச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். எது என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், யாழ்ப்பாணத்துத் துரைராசாவின் கம்ப்யூட்டர் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஊதுபத்தி. சிவசாமி தன் படத்தை நீட்டினார். மாலையும் கழுத்துமாக அவர் இருக்கும் ஒரே படம். திருவிழா அன்று கோயிலுக்கு வெளியே எடுத்தது.

"இடுப்புக்குக் கீழ வேணாம் சார்."

"ஏன் அண்ணை, வடிவாத்தானே நிக்கிறியள்?"

"வேணாம்னா விடுங்க சார்."

துரைராசா படத்தை உற்றுப் பார்த்தார். வலது காலில் செருப்பு. இடது காலில் மஸ்கெலியா மண். மரியாதை தெரிந்த மனிதர். மவுஸை இரண்டு தரம் தட்டினார்.

"சரி அண்ணை, மறைச்சு விட்டிருக்கிறன். வெட்டேல்லை, வேணுமெண்டால் திறக்கலாம்."

சிவசாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறு.

"பொறகு யாரும் இதுல ஒரு பேரைச் சொருவ முடியாதபடி பண்ண முடியுங்களா?"

"இப்ப அடுக்கடுக்காய்க் கிடக்குது. பிள்ளையார் ஒரு அடுக்கு, நீங்கள் ஒரு அடுக்கு, எழுத்து ஒரு அடுக்கு. ஜேபிஜியாய்ச் சேமிச்சால் எல்லாம் ஒண்டாய் ஒட்டிப்போடும். பிறகு பிரிக்கேலாது. ஆனால் எழுத்து கொஞ்சம் மங்கும் அண்ணை. அச்சுக்கு அடுக்கு ஃபைல்தான் நல்லது."

"மங்கட்டும் சார். மச்சான் மங்குனா போதும்."

ஜேபிஜி ஃப்ளாப்பியில் ஏறியது. ஃப்ளாப்பி சட்டைப்பைக்குள் போனது. பித்தானும் போட்டாயிற்று. பஸ்ஸில் வரும்போது நாலு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் லெட்சுமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பேரைப் போட்டீங்களா?"

"போடத்தான் பாத்தேன். ஜேபிஜில எடமில்லையாம்."

"அது யாருங்க?"

"ஆளு இல்ல லெட்சுமி. ஒனக்குப் புரியிற மாதிரி சொல்றேன். கொத்துரொட்டி இருக்குல்ல? ரொட்டி, முட்டை, லீக்ஸ் எல்லாத்தையும் கொத்திப்புட்டா திரும்பப் பிரிக்க முடியுமா? அதான் ஜேபிஜி."

"கொத்துறதுக்கு முந்தின ரொட்டி?"

"அது தொரைராசா சார் கடையிலயே கெடக்கு. அதுல என்னா வேணும்னாலும் பண்ணலாம். சேக்கலாம், எடுக்கலாம், மறைச்சதைத் தெறக்கலாம்."

சொல்லி முடித்துத் தன் அறிவில் தானே ஒரு நிமிடம் சொக்கி நின்றார்.

"அப்ப புள்ளைய யார் மடியில உக்கார வச்சுக் காது குத்துறது?"

"நாற்காலியில."

"நாற்காலி சீர் கொண்டாருமா?"

"ஒங்கண்ணன் மட்டும் என்னா கொண்டாருவாரு? மைக்கக் கொண்டாருவாரு."

லெட்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை. பதினோரு வருடக் குடும்பத்தில் சிவசாமி பயப்பட வேண்டிய இடம் அதுதான். அவரோ ஜெயித்துவிட்டோம் என்று இன்னொரு ரொட்டி கேட்டார்.

"நாளைக்கு டவுனுக்குப் போறேங்க. மாதிரி ஒண்ணு அடிச்சு வாங்கியாரவா?"

"தாராளமா. இந்தா ஃப்ளாப்பி. ஒங்கண்ணன் லாரி ஏத்துனாலும் இதுக்குள்ள நுழைய முடியாது."

மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது மேசையில் இரண்டு அழைப்பிதழ்கள் கிடந்தன.

முதலாவது அவர் சொன்னபடியே. தாய்மாமன் இல்லை. ஆனால் படத்தில் சிவசாமி தலையிலிருந்து கால்வரை நின்றார். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால். கொஞ்சம்கூட மங்கவில்லை. பெருவிரல் நகம்வரை தெரிந்தது.

இரண்டாவதில் சிவசாமி இடுப்போடு நின்றுகொண்டார். கீழே, பிள்ளையாருக்கு அடுத்த பெரிய எழுத்தில், 'தாய்மாமன் பழனியாண்டி மடியில்' என்று இருந்தது.

"ஃப்ளாப்பிய என்னாடி பண்ணுன?"

"தொடவே இல்லைங்க. கொத்தாத ரொட்டி கடையிலயே கெடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. மறைச்சதைத் தெறக்கலாம்னும் சொன்னீங்க. சார்கிட்ட கேட்டேன். அவரும் 'ஓம் தங்கச்சி, செய்யேலும்'னாரு."

சிவசாமி முதல் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். பெருவிரல் அவரையே பார்த்தது.

"எதை அடிக்கலாங்க? தோட்டத்துல மூணு டிவிசனுக்கும் குடுக்கணும். மலையில பொம்பளைங்க வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"என்னா கேக்குறாங்க?"

"அதாங்க, கெடைச்சிச்சான்னு."

இரண்டாவது காகிதத்தின் மேல் சிவசாமியின் விரல் வந்து நின்றது. லெட்சுமி பையைத் திறந்து புது ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். அப்பவே ஜேபிஜி ஆக்கிட்டேங்க, இனிமே யாரும் கை வைக்க முடியாது."