பெடஸ்டல் அண்ணாச்சி வாங்கிய நாற்காலி

நாற்காலி வாங்கப் போகும்போது கூடவே ஒரு பெடஸ்டல் ஃபேனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் பெடஸ்டல் அண்ணாச்சி.

ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்த வருஷம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“சப்பரம் பாக்காம எனக்கு ஒரு தபசும் போனதில்ல” என்றார் மதினி. ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அண்ணாச்சிக்கு அது போதும். அம்மன் உலா வரும் சப்பரம் தெருமுனையைக் கடப்பது மொட்டைமாடியிலிருந்து நன்றாகத் தெரியும். உட்கார ஒரு நாற்காலி போட்டால் ஆயிற்று.

ஆனால் ஆடிமாதக் காற்று எங்கள் ஊரில் சாதாரணக் காற்றல்ல. மாடியில் காயப்போட்ட வேட்டியை அது காயவிடாது. அடுத்த தெருக்காரனுக்குக் கட்டிவிட்டுவிடும்.

முதலில் பிளாஸ்டிக் நாற்காலி. அதை மாடியில் வைத்துவிட்டு அண்ணாச்சி படியிறங்கி வருவதற்குள், அது அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. என் ஸ்கூட்டர் கண்ணாடி நொறுங்கியது. ஓடிவந்தவர் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

“தம்பி, அது குப்புற விழுந்துச்சா, மல்லாக்க விழுந்துச்சா? அதச் சொல்லும் முதல்ல!”

அடுத்தது துணி வைத்த மடக்கு நாற்காலி. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கயிறு போட்டுக் கட்டினார். சட்டம் கட்டிய இடத்திலேயே நின்றது. துணி மட்டும் பின்தெருத் தென்னைமரத்தில் ஏறிக்கொண்டது. மூன்றாவதாக, தகடு அடித்த இரும்பு நாற்காலி. காற்று அதன் கிட்டேயே வரவில்லை, வெயில் வந்தது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார்.

“ஆத்தாடி! தோசைக்கல்லுலா இது!”

தபசு நெருங்கிவிட்டது. அப்போதுதான் அந்த ஃபேன் பயணம். துணைக்கு நான். கடைக்காரர் பதறிவிட்டார்.

“அண்ணாச்சி, இது உக்காருததுக்கு உள்ள சாமான்!”

“நாம உக்காருததுக்கு முன்னால அது உக்காரணும்லா வே. பிளக் எங்கன இருக்கு?”

ஒவ்வொரு நாற்காலியாக ஃபேன் முன்னால் வைத்தார். முழு வேகத்தில் ஓடவிட்டு, தரையோடு குனிந்து கால்களைப் பார்த்தார். பிரம்பு மாதிரி பின்னிய சோபா லேசாக நகர்ந்தது, தள்ளிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றை இழுத்து வந்தார். கனமான இரும்புக் குழாயில் நைலான் ஒயர் பின்னிய நாற்காலி. முதுகெல்லாம் ஓட்டை. ஃபேன் சுழன்றது, நாற்காலி அசையவில்லை. தோளில் கிடந்த துண்டை அதன் முதுகுக்குப் பின்னால் பிடித்தார். துண்டு படபடவென்று பறந்தது.

“பாத்தீரா! காத்த மல்லுக்கட்டித் தடுக்கல. வழிவிட்டுட்டு!”

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அன்றைக்கு வந்த பெயர்தான் பெடஸ்டல்.

தபசு அன்று என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். பட்டுப்புடவையில் மதினி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காற்று என்னையே ஓரமாகத் தள்ளியது. நாற்காலி இம்மி நகரவில்லை. அண்ணாச்சியோ உட்காராமல், அதன் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கொட்டுச் சத்தம் நெருங்கியது. சப்பரம் தெருமுனைக்கு வந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி கும்பிடக்கூடக் கையை எடுக்கவில்லை.

“அதான் சோதிச்சு வாங்கியாச்சே அண்ணாச்சி, பெறகு எதுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கியோ?” என்றேன்.

மதினிக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

“நாற்காலி பறக்காது தம்பி. இவ ரொம்ப எளச்சுல்லா போயிட்டா.”