அத்தை இறங்கிய ஐந்து இடங்கள்

எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாதவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட அது மேல். புது மிக்சியின் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று திறந்தேன். சத்தம் நின்றுவிட்டது, கூடவே அரைப்பதும் நின்றுவிட்டது. நன்றாக ஓடிய மின்விசிறியை இன்னும் நன்றாக ஓடவைக்கப் போய், அது இப்போது ஐந்தில் வைத்தால் மெதுவாகவும் ஒன்றில் வைத்தால் வேகமாகவும் சுற்றுகிறது. (விருந்தாளி வந்தால் விளக்கம் சொல்ல ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும்.) அதெல்லாம் என் வீட்டுச் சாமான், போனால் போகட்டும். கைவைக்கவே கூடாத ஒன்றிலும் கைவைத்தேன். அது என் மாமனாரின் கார்.

மாமனார் அந்தோணிசாமி, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் முதலாளியிடம் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். முதலாளியிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. வெளிநாட்டில் செய்தது, ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, மரத்தில் ஸ்டியரிங். முதலாளி வண்டியில் தன் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது மாமா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் அத்தை பிலோமினா முப்பது வருடமும் அந்தக் கார் போவதைப் பார்த்தார், வருவதைப் பார்த்தார், ஒரு நாள்கூட அதில் உட்காரவில்லை. முதலாளி மகளோடு வெளிநாடு போகும்போது காரை மாமாவுக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் இஞ்சின் படுத்துவிட்டது. நாங்கள் எல்லாரும் இருக்கும் பாப்பாரப்பட்டி வீட்டுக்கு அது லாரியில்தான் வந்து இறங்கியது. கொட்டகையில் எட்டு வருடம் அதன்மேல் கோழிகள் தூங்கின.

மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆகப்போகிறது என்று தெரிந்ததும், கோயிலில் பொன்விழாப் பூசைக்குச் சொன்னோம். (எங்களுக்குச் சர்ச்சும் கோயில்தான்.) அப்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எட்டு வருடத்தில் மருமகனிடம் அவர் கேட்ட முதல் உதவி அது.

"மாப்ளே, அந்த இஞ்சின மட்டும் எப்படியாவது ஓட வெச்சிக் குடுங்க. அன்னிக்கி ஒரு நாளாவது அவள முன் சீட்டுல உக்கார வெச்சி, நானே கோயிலுக்கு ஓட்டிட்டுப் போவணும்."

அவ்வளவுதான் கேட்டார். என் நண்பர் முருகேசன் பென்னாகரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொட்டகைக்கு வந்து இஞ்சினைப் பிரித்துக் கோத்தார். நாலாவது ஞாயிறு சாயங்காலம் கார் இருமிக்கொண்டே உயிர்பெற்றது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்தது. பொன்விழாவுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த நாலு மாதம்தான் என் சனி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் பழைய காரைப் புதுசாக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தாலுகா ஆபீசில் மனுவுக்கு எண் போடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதுதான். (எண் போடும் நேரத்திலும் கொஞ்சம்.) அவருடைய கார்கள் எல்லாம் தரையோடு தரையாக, பதுங்கிய பூனை மாதிரி இருந்தன. எங்கள் கார் என் கண்ணுக்கு எழுந்து நிற்கிற ஆடு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

"முருகேசா, வண்டிய எறக்கணும். முன்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து அறுத்துடலாம்."

"நம்ம ரோட்டுக்கு அது ஒத்து வராதுங்க சார்."

"உனக்குத் தெரியாது. வண்டிக்கு அடியில காத்து போவக் கூடாது. அதுதான் இப்ப டெக்னிக்."

"காத்து இருக்கட்டுங்க சார். கல்லு என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து நானே அறுத்தேன். பின்னால் லாரிக்கு இருப்பதுபோலப் பட்டை ஸ்பிரிங். அதில் இரண்டு பட்டையைக் கழற்றினேன். அகலமான சக்கரம் போட்டேன். சுற்றிலும் கீழே தகரம் வளைத்து அடித்துப் பெயிண்ட் பூசினேன். அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறவர் நின்று பார்த்தார்.

"எதுக்கு மாப்ளே காருக்குப் பாவாட கட்டுறீங்க?"

"ஸ்டைலுங்க அத்தை."

"அப்படிங்களா," என்று தண்ணி காட்டப் போய்விட்டார். கடைசியாக, மர ஸ்டியரிங்கைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்பாக ஒன்றை மாட்டினேன். மாமா அந்த மரத்தை எடுத்து வேட்டி முனையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதையாவது பார்த்து எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி வேகத்தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தில் விபத்து நடந்தால் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். வேகத்தடை போட்டால்தான் எழுந்திருப்பார்கள். அதனால் அதன் உயரத்துக்கு அளவு, சட்டம் எதுவும் கிடையாது. ஊருக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு உயரம். வீட்டிலிருந்து கோயில் நாலு கிலோமீட்டர். வழியில் அப்படி ஏழு. அதில் இரண்டுக்கு வந்த மனுவுக்கு எண் போட்டு மேலே அனுப்பியவனே நான்தான். நான் வண்டியை ஓட்டிப் பார்த்ததோ எதிர்ப்பக்கம், புதுசாகத் தார் போட்ட ஒரு கிலோமீட்டரில், தனியாக. வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

பொன்விழா அன்று சொந்தக்காரர்கள் வேனில் முன்னாடியே கோயிலுக்குப் போய்விட்டார்கள். அத்தை சந்தனக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. எழுபது வயதில் அப்படி வெட்கப்பட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. முட்டிவலியோடு, மாமா கையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல அந்தச் சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். முருகேசன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது.

"இத விடப் பெரிசா எதும் வராம இருந்தா சரிங்க சார்," என்றார் முருகேசன். நானும் ஸ்டெல்லாவும் ஸ்கூட்டரில் பின்னால் போனோம்.

முதல் வேகத்தடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். கர்ர்ர் என்று ஒரு சத்தம். கார் நட்டநடுவில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. முன் சக்கரமும் சும்மா, பின் சக்கரமும் சும்மா. நான் ஓடிப்போய்க் குனிந்தேன்.

"அத்தை, கொஞ்சம் எறங்குங்க. வெயிட் கொறையும்."

ஒரு பக்கம் ஸ்டெல்லா, ஒரு பக்கம் நான், தூக்கி வெளியே எடுத்தோம். நான் தள்ளினேன். கார் தாண்டியது. அத்தை வேகத்தடையைத் தாண்டி நடந்துவந்து மறுபடி கிணற்றில் இறங்கினார். "பரவால்லைங்க மாப்ளே," என்றார்.

இரண்டாவது ரேஷன் கடைக்கு எதிரே. "அத்தை, எறங்குங்க." வரிசையில் நின்றவர்கள் பையை வைத்துவிட்டுத் தள்ள வந்தார்கள். மூன்றாவதில் நான் பெருமையாக அடித்த பாவாடை கழன்று ரோட்டோடு போயிற்று. "அத்தை, எறங்குங்க." மல்லிப்பூ பாதி இல்லை. நாலாவதில் பின்னால் டவுன் பஸ் வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்தார்.

"பொண்ணு மாப்ளை யாருங்க?"

"அவங்கதான். ஐம்பதாவது வருஷம்," என்றேன்.

"இப்படியே போனா அறுபதாவதும் ரோட்லயே வந்துடுங்க," என்றார்.

ஐந்தாவதில் அத்தை நான் சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்து கையை நீட்டினார்; இறக்கிவிட்டோம். மாமா ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். டொக் என்றது. கீழே ஆயில் சேம்பர் உடைந்து, கறுப்பாக எண்ணெய் கசிந்து ரோட்டில் ஓடியது. இஞ்சின் நின்றுவிட்டது.

மாமா இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் மெதுவாக வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். முதலாளி கார்க் கதவை முப்பது வருடம் சாத்திய பழக்கம்.

இருவரும் அந்த டவுன் பஸ்ஸிலேயே ஏறினார்கள். கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தார். ஆக, அத்தைக்கு முன் சீட்டு கிடைத்தது. மாமாதான் ஓட்டவில்லை. ஃபாதர் பூசையை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். குட்டிப் பிரசங்கத்தில், "திருமண வாழ்க்கைப் பாதையில் தடைகள் வரும்," என்று ஆரம்பித்தார். கோயிலே சிரித்தது. எனக்குத் தூணுக்குப் பின்னால் போய்விடலாம்போல இருந்தது.

பூசை முடிந்ததும் அத்தையிடம் போய் நின்றேன். "மன்னிச்சிடுங்க அத்தை," என்றேன்.

"உடுங்க மாப்ளே. இத்தன வருஷம் அந்தக் காரப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். இன்னும் கொஞ்ச நாளு பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து குடும்பத்தில் அது வழக்கமாகிவிட்டது. எந்த வண்டியில் போனாலும், வேகத்தடை வந்தால் யாராவது ஒருவர், "எறங்குங்க, எறங்குங்க," என்பார்கள். சிரிப்பில் வண்டியே குலுங்கும். அத்தைதான் அதிகம் சிரிப்பார்.

அந்த நாளோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கதையை நானும் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். சேம்பரை முருகேசன் ஒரே வாரத்தில் சரிசெய்தார். சேலத்தில் தெரிந்த பட்டறையில் அளவு கொடுத்து ஸ்பிரிங் சுற்றித் தருவார்கள், ரெண்டே நாள் வேலை என்றார். "ஓடினாப் போதும்ங்க சார். அம்மாவ ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிடலாம்." நான் கேட்கவில்லை. கெடுத்தது நான், இந்தத் தடவை அச்சு அசலாகச் செய்வேன் என்று, அந்தக் காருக்கே உரிய ஸ்பிரிங்கை வெளிநாட்டில் தேட ஆரம்பித்தேன். தேடித் தேடி பதினாலு மாதம் போனது. கார் நாலு கல்லின்மேல் நின்றது. அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும்போதெல்லாம், "வந்துடுச்சுங்களா மாப்ளே?" என்பார். "அடுத்த மாசங்க அத்தை," என்பேன்.

ஸ்பிரிங் வருவதற்கு முன்னால் அத்தை போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், மதியம் இல்லை. முருகேசன் சொன்ன அந்த ரெண்டு நாள் வேலைக்கு நான் சம்மதித்திருந்தால் அத்தை அந்தக் காரில் ஒரு ரவுண்டாவது போயிருப்பார். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

கோயிலுக்கு அமரர் ஊர்தியில் கொண்டுபோனோம். பெட்டிக்கு ஒரு பக்கம் மாமா, எதிரே நானும் ஸ்டெல்லாவும். பள்ளிக்கூடத்துப் பக்கம் வண்டி வேகம் குறைந்தது. எங்களுக்கு எந்த இடம் என்று தெரியும். யாரும் தலை நிமிரவில்லை. மாமா பெட்டியின்மேல் கை வைத்தார்.

"பிலோ, நீ எறங்க வேணாம். அப்படியே வா."

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ரேஷன் கடை வந்தது. மாமா அதையே சொன்னார். ஒவ்வொன்றிலும் சொன்னார். ஐந்தாவதில், எண்ணெய் ஓடிய இடத்தில், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏழாவது ஏறி இறங்கி, கோயில் கோபுரம் தெரிந்ததும், அவரே என் முட்டியைத் தொட்டார்.

"ஏழும் தாண்டியாச்சு மாப்ளே," என்றார். "ஒரு எடத்துலயும் எறங்கல."