பம்பு இல்லாத வரி

மனித குலம் இதுவரை கண்டெடுத்த இலக்கிய வடிவங்களில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், நான் ஒரு நொடிகூடத் தயங்க மாட்டேன். ஆயிரம் பக்க நாவல் அல்ல; அவற்றைப் படித்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகாமல் இருக்கிறேன், ஆகவே அவற்றின் எடை எனக்குத் தெரியும். வேலை தேடுவோரும் வேலை தருவோரும் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் அந்த இணையதளத்தில், பெயருக்குக் கீழே ஒற்றை வரி போடுகிறோமே, அதுதான். நாவலில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ளக் கடைசி அத்தியாயம் வரை போக வேண்டும். இந்த வரியில் எவ்வளவு தூரம் போனாலும் தெரியாது.

இந்தக் கலையில் எனக்கிருந்த மேதைமை, அக்காவின் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தபோதுதான் வெளிப்பட்டது. அக்கா தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பம்பு ஓடவில்லை என்று போன் வரும். எடுப்பாள், விவரம் கேட்பாள், மெக்கானிக்கை அனுப்புவாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நான் நாவல் படித்தேன். சுற்றறிக்கை, புது மேனேஜருடையது. எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள் 'தாக்கம் மிக்க' தலைப்பு வரி போட வேண்டும். தாக்கம் குறைந்தவர்கள் கம்பெனியிலிருந்து 'இலகுவாக்கப்படுவார்கள்'.

அக்கா எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. 'பம்பு ரிப்பேர் புகார் எடுப்பவர்.'

"என்னக்கா இது? படிச்ச உடனே புரியுது."

"புரிஞ்சா நல்லதுதானடா?"

"புரிஞ்சிட்டா அப்புறம் உன்னை யாரு மதிப்பாங்க?"

அரைமணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழுந்து எழுதினேன்: 'நீரோட்டங்களின் வழியே நம்பிக்கையை மீட்டெடுக்கும் உரையாடல் சிற்பி.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். "டேய், இதுல பம்பு எங்கடா?"

"பம்பு வரவே கூடாதுக்கா. அதுலதான் வித்தையே இருக்கு."

"சிற்பின்னா உளி, சுத்தியல் எல்லாம் எங்கன்னு கேப்பாங்களே?"

"சிரிச்ச முகமா நில்லு, போதும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அக்கா சொல்லக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. மேனேஜர் 'நாளைகளின் வடிவமைப்பாளர்' ஆகியிருந்தார். டிரைவர், 'தூரங்களுக்குத் துணிவூட்டுபவர்'. மெக்கானிக் தன் மனைவியிடம் எழுதி வாங்கி வந்திருந்தார்: 'மௌனித்த இயந்திரங்களின் மனசாட்சி'. அக்காவின் வரியைப் படித்ததும் மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினாராம்.

"யாரும்மா எழுதினது?"

"என் தம்பி சார்."

"அவர் நம்பர் குடுங்க."

அந்தப் புனிதமான தருணத்தில்தான் மேஜை மேலிருந்த போன் அடித்தது. அக்கா பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள்.

"சிற்பி," என்றார் மேனேஜர், "உங்க வரியில போன் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"அடிக்குது சார்."

போன் யாருடைய வரிக்குள் வருகிறது என்று ஆராய அங்கேயே ஒரு குழு அமைக்கப்பட்டது. தூரத்திலிருந்து வருவதால் அது தன் வரிக்குள் வரலாம் என்றார் டிரைவர். ஆனால் துணிவூட்டத்தான் முடியும், எடுக்க முடியாது என்றும் தெளிவுபடுத்தினார். மனசாட்சி வாயே திறக்கவில்லை. போன் நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அக்காவுக்குப் பொறுக்கவில்லை, எடுத்துவிட்டாள். ஒரு முதியோர் இல்லம். காலையிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "சத்தம் வருதா, வரலையா? சரி, ஆளை அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். மனசாட்சி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துணிவூட்டுபவர் வண்டியைக் கிளப்பினார். மதியத்துக்குள் அங்கே எல்லாரும் குளித்துவிட்டார்கள். இப்படியொரு ஒழுங்கீனத்தை அந்த மேனேஜர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அன்று மாலையே அவர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஒரு கடிதத்துக்குத் தலைப்பு வரி வேணும். ஒருத்தரை அனுப்புறோம். ஆனா அனுப்புறோம்னு தெரியக் கூடாது."

"யாரை சார்?"

"அது முக்கியமா?"

உண்மைக் கலைஞனுக்கு அது முக்கியமில்லை என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. "இல்ல சார்," என்றேன்.

எழுதினேன்: 'எல்லைகள் கரைந்து, விரிவானங்களிடம் ஒப்படைக்கப்படும் ஆளுமைக்கு.'

போனிலேயே வாசித்துக் காட்டினேன். "எனக்கே ஒண்ணு வாங்கிக்கலாம்னு ஆசையா இருக்கு தம்பி," என்றார், தழுதழுத்த குரலில்.

மறுநாள் அக்கா கடிதத்தை ஆட்டிக்கொண்டே படியேறி வந்தாள்.

"பார்றா, எனக்கு வானமெல்லாம் குடுத்திருக்காங்க. திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸ் பக்கமே வர வேண்டாமாம். வீட்லேர்ந்தே வேலை போல. சம்பளம் எவ்வளவுடா ஏறும்?"

வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்பவருக்குப் புரியும்படி ஒரு வரி சொல்லும் இழிநிலைக்கு நான் தள்ளப்பட்டேன்.

"உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்கக்கா."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து அந்த வரியை மறுபடி படித்தாள். நம் கலையின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா? விஷயம் தெரிந்த பிறகும் அதை அந்த வரியில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதை எழுதினவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாடா?"

"ஒரு அக்கா இருக்காங்க," என்றேன். "இப்பத்தான் வேலை போச்சு."