முதலில் வெளியேறிய குடும்பம்

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில்தான் ஹேமநாதன் மாட்டிக்கொண்டான்.

மற்ற பக்கங்களெல்லாம் அழகாக வந்திருந்தன. மலேசியாவின் பத்து பாகாட் நகரில் ஆற்றை ஒட்டியிருக்கும் தாமான் மெலூர் குடியிருப்பில் மூன்று வருடமாக நடந்த 'நகர்ப்புறச் சமூகப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்ட'த்துக்கு அவன்தான் ஆவண அதிகாரி. திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரே ஆளும் அவன்தான். தாமான்காரர்கள் அதை வெள்ளத் திட்டம் என்றார்கள். அவன் மனைவி கஸ்தூரி 'உங்க அந்த வேலை' என்பாள்.

போன மார்ச்சில் வெள்ளம் இடுப்பளவுக்கு வந்தது. ஆனால் தண்ணீர் வந்து சேர்ந்தபோது தாமானில் ஒரு பூனைகூட இல்லை. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் டிவி, அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, சாமி படம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் முன்பே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஓர் ஆவண அதிகாரிக்கு இப்படியொரு வெள்ளம் ஆயுளில் ஒரு தடவை கிடைத்தால் பெரிய விஷயம்.

பதினான்காம் பக்கத்தின் தலைப்பு, 'மக்கள் ஏன் வெளியேறினார்கள்?' அதன் கீழே ஹேமநாதன், 'எச்சரிக்கை சைரன் ஒலித்தது. மக்கள் வெளியேறினார்கள்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது அலுவலகத் தலைவர் கனகசுந்தரம் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். சூரியன் உதித்தது என்றாலும் யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று கேட்பார். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மதிப்பீட்டாளர் ஷாந்தினி வருகிறார், அவர் சரி என்றால்தான் இரண்டாம் கட்டம், இரண்டாம் கட்டம் இருந்தால்தான் ஹேமநாதனுக்கு வேலை என்று கனகசுந்தரம் ஒவ்வொன்றாக விளக்கினார்.

"முதன்முதல் சைரன் கேட்டு வெளிக்கிட்ட குடும்பத்தை அந்தப் பிள்ளை நேரில பார்க்கவேணுமாம். பேரைக் கொண்டு வாரும்."

ஹேமநாதன் தலையாட்டினான். தலையாட்டுவது அவனுக்குக் கைவந்த கலை. அந்தக் கலையால்தான் இந்த நிலைமைக்கே வந்திருந்தான்.

ஏனென்றால் அன்றைக்கு சைரன் ஒலிக்கவில்லை. ஒலித்திருக்கவும் முடியாது. வெள்ளம் வந்த நேரத்தில் சைரன் பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமில் ஒரு ரிப்பேர் கடை மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கொண்டுபோய் வைத்தவன் ஹேமநாதன்.

மாதம் ஒரு தடவை சைரனை அழுத்திப் பார்த்து, பதிவேட்டில் 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்தை அவன் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. அழுத்திப் பார்ப்பதைத்தான் ஐந்து மாதமாக விட்டுவிட்டான். அன்று காலை என்ன ஞானோதயமோ, பொத்தானை அழுத்தினான். சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. யாருக்கும் தெரியாமல் சரி செய்து மாட்டிவிடலாம் என்று பொதுமண்டபக் கூரையிலிருந்து கழற்றிக்கொண்டு போனான். கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வெள்ளச் செய்தியே வந்தது. சாலையை மூடிவிட்டார்கள். அவன் திரும்பி வர மறுநாள் ஆயிற்று.

வந்து பார்த்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று அவன் நினைத்தான். ஆனால் பதினான்காம் பக்கத்தில் கடவுள் என்று எழுதினால் கனகசுந்தரம் கையெழுத்து கேட்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தாமானுக்குப் போனான். குடியிருப்புச் சங்கத் தலைவர் சதாசிவம் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அன்றைக்கு சைரன் கேட்டதா என்று, கேட்கக் கூசிக்கொண்டே ஹேமநாதன் கேட்டான்.

சதாசிவம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மிகுந்த அன்போடு சொன்னார்.

"கேட்டுச்சு தம்பி. காதே கிழிஞ்சிருச்சு."

ஹேமநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வீட்டு சந்திரமதியும் கேட்டதாகச் சொன்னாள். கேட்டது மட்டுமில்லை, அந்தச் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்ததாம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஐயாசாமி, தான் இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவனால் வாயைத் திறக்க முடியாது.

பொய்யாக இருந்தாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அவன் மனம் சபலப்பட்டதை மறைப்பதற்கில்லை. எழுதியும் விட்டான். ஆனால் வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தால், சதாசிவம் சைரனைக் காலை எட்டு மணிக்குக் கேட்டிருந்தார். சந்திரமதி மத்தியானம் சமைக்கும்போது. ஐயாசாமி கேட்டது தண்ணீர் வடிந்ததற்கு மறுநாள். இதைக் கனகசுந்தரத்திடம் கொடுத்தால் சைரன் அடிக்காததை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

கஸ்தூரி ஒரு யோசனை சொன்னாள். சைரனை விட்டுத்தள்ளுங்கள், யாரோ ஒரு குடும்பம் முதலில் கிளம்பியிருக்கும், அதைப் பார்த்து மற்றவர்கள் கிளம்பியிருப்பார்கள், அந்தக் குடும்பத்தைப் பிடித்தால் போதும் என்றாள். மூன்று வருடம் பயிற்சிப் பட்டறை நடத்தியவனுக்குத் தோன்றாதது, சட்டினி அரைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியது. அவன் வழக்கம்போல அதைத் தன் யோசனையாக்கிக்கொண்டு புதன்கிழமை காலை மறுபடியும் தாமானுக்குப் போனான்.

இந்தத் தடவை கேள்வி சுலபமானது. முதலில் வெளியேறியது யார்?

சதாசிவம் சட்டென்று எழுந்து உள்ளே போய், எதற்கு என்றே தெரியாமல் ஒரு தட்டு முறுக்கோடு வந்தார். தான் முதலில் இல்லை, சந்திரமதி வீட்டு டிவி வெளியே போனதைப் பார்த்துத்தான் கிளம்பினேன் என்றார். சந்திரமதியோ ஐயாசாமியின் மோட்டார் சைக்கிள் மேடேறுவதைப் பார்த்துத்தான் கிளம்பினாளாம். ஐயாசாமியோ, தலைவர் கிளம்பியதைப் பார்த்துக் கிளம்பினாராம். ஹேமநாதன் காகிதத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தான். அம்பு மூன்று வீட்டைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர்கூட நான்தான் முதலில் என்று சொல்லவில்லை. முதலில் ஓடியவன் என்று பேர் எடுக்க வெட்கப்படுகிறார்கள் என்று அவன் முடிவு கட்டினான். அவன் மனித மனத்தைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி பெற்றவன். வெட்கத்தைப் பெருமையாக மாற்றவேண்டும் என்று அந்தப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே, முதலில் வெளியேறிய குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை மேடையில் 'முன்னோடிக் குடும்பம்' என்று கேடயம் கொடுக்கப்படும், படம் பத்திரிகையில் வரும் என்று தாமானின் வாட்சப் குழுவில் போட்டான்.

மத்தியானத்துக்குள் பத்தொன்பது முன்னோடிக் குடும்பங்கள் கிடைத்தன.

சதாசிவம் போன் செய்து, தான் வெள்ளத்துக்கு முதல் நாளே கிளம்பிவிட்டதாகச் சொன்னார். ஐயாசாமி மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு லாரியில் சாமான் ஏற்றிய படத்தை அனுப்பி, இது வெள்ளத்தன்று எடுத்தது என்றார். படத்தில் வாழை மரம் கட்டியிருந்தது. தன்னுடைய டிவியைப் பார்த்துத்தான் தலைவர் கிளம்பினார் என்று தலைவர் வாயாலேயே சொன்னாரே, அது என்ன ஆயிற்று என்று சந்திரமதி குழுவிலேயே கேட்டாள். தலைவர் அதற்கு ஒரு பதில் போட்டார். அந்தப் பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

சாயங்காலம் குழு இரண்டாகப் பிரிந்தது. சதாசிவத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே, சந்திரமதியைச் சேர்ந்தவர்கள் அங்கே. மூன்று வருடம் பாடுபட்டு ஒற்றுமையாக்கிய சமூகத்தை ஹேமநாதன் ஒரே குறுஞ்செய்தியில் உடைத்துவிட்டான். இதையும் ஒரு விளைவாக ஆவணப்படுத்த வேண்டுமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை காலை, நாற்பத்தொரு குடும்பத்துக்கும் கேடயம் உண்டு என்று அறிவித்து நெருப்பை அணைக்கப் பார்த்தான். எல்லோருக்கும் உண்டு என்றால் அதில் என்ன மரியாதை என்று பத்தொன்பது பேரும் ஒன்றாகக் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பதறிப்போய், கேடயமே கிடையாது என்று அறிவித்தான். அரை மணி நேரத்தில் சதாசிவம் அலுவலக வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான் தம்பி நாங்க இதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தோம். இப்ப நீங்க எங்கள அசிங்கப்படுத்துறீங்க. நாளைக்கு மேடம் வரட்டும். அன்னிக்கு நடந்தத நடந்தபடியே சொல்லிர்றேன்."

ஹேமநாதனுக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சைரன் அடிக்கவில்லை என்பது தாமான் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் எங்கே போய் வேலை தேடுவது, ஐந்து பொய்க் கையெழுத்துப் போட்டவனை யார் எடுப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். வேலை போவதைவிட, அடுத்த வெள்ளத்துக்கு தாமானில் யாரும் இவன் பேச்சைக் கேட்கமாட்டார்களே என்பதுதான் இன்னும் வலித்தது. அந்த மனிதர்கள்மேல் அவனுக்கு உண்மையிலேயே பாசம் இருந்தது. கஸ்தூரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்தவர் சொல்லி அவமானப்படுவதற்குப் பதில் நீங்களே சொல்லித் தொலைத்துவிடுங்கள் என்றாள். இதையும் அவன் தன் யோசனையாக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஷாந்தினி வந்தார். தாமானின் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் கூட்டம். சதாசிவத்தின் ஆட்கள் இடது பக்கமும் சந்திரமதியின் ஆட்கள் வலது பக்கமும் உட்கார, நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கும் பிரேமலா, மண்டபத்தின் பின்னால் வடையும் தேநீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஷாந்தினி அறிக்கையைப் புரட்டி, பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்தார். சதாசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

ஹேமநாதன் முந்திக்கொண்டான்.

"மேடம், அன்னிக்கு சைரன் அடிக்கல. அஞ்சு மாசமா நான் அதச் சோதிச்சுப் பார்க்கவே இல்ல, பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். அது கெட்டுப்போச்சுன்னு அன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. நான்தான் கழட்டி ஆயர் ஈத்தாம்ல ரிப்பேருக்குக் கொண்டு போனேன். இவங்க எப்படித் தப்பிச்சாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். கழற்றாமலே பார்த்திருக்கலாம், அந்தப் பார்வையில் அவ்வளவு தெளிவு இருந்தது. எழுந்து நின்ற சதாசிவம், சொல்ல வந்ததைச் சொல்லவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தலையைச் சொறிந்தார். சந்திரமதி கேடயச் செய்தி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷாந்தினி கோபப்படவில்லை. நிதானமாகக் கூட்டத்தைப் பார்த்து, சைரன் அடிக்கவில்லை என்றால் தண்ணீர் வருவதற்கு முன்பே நாற்பத்தொரு வீடும் எதை நம்பிக் காலியானது என்று கேட்டார்.

இடது பக்கத்தார் வலது பக்கத்தாரைப் பார்த்தார்கள், வலது பக்கத்தார் இடது பக்கத்தாரைப் பார்த்தார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெளிந்தது. கடைசியில் பின்னாலிருந்து வடைத் தட்டோடு பிரேமலாதான் முன்னே வந்தாள்.

"யாராச்சும் சொல்லித்தானே ஆகணும். மூனு வருசமா வெள்ளம் வரும், பயப்படாதீங்க, ஓடாதீங்கன்னு பாடம் எடுத்த மனுசன் மேடம் இவரு. அன்னிக்குக் காலையில வானம் இருட்டிக்கிட்டு வருது. இவரு கூரைமேல ஏறுனாரு, சைரனக் கழட்டுனாரு, துண்டுல சுத்திப் புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு, யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம கார்ல ஏறிப் பறந்துட்டாரு. ரிப்பேருக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும், சைரனையே காப்பாத்திக்கிட்டு ஓடுறாருன்னா வர்ற தண்ணி எவ்வளவு பெருசுன்னு, நான் அடுப்ப அணைச்சிட்டு ஒவ்வொரு வீடா போயிச் சொன்னேன்."

தூறல் விழுந்தது, சைரன் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் ஓடினேன் என்று சொல்ல ஹேமநாதன் வாயெடுத்தான். அதற்குள் பிரேமலா அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஷாந்தினியிடம் திரும்பினாள்.

"அப்படி ஓடுன ஆளு, ரெண்டு நாளா நோட்டுப் புத்தகத்தோட வீடு வீடா வந்து, மொதல்ல வெளியேறுனது யாருன்னு கேட்டா, அவரு மூஞ்சியப் பாத்து நாங்க என்னான்னு மேடம் சொல்றது?"