கட்டற்றதும் கட்டிக்கொண்டதும்

போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன். இனி எங்கள் வீட்டுக் கணினியில், யாரும் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும்தான். சபதத்தை எடுத்த கையோடு, மனைவி பாடம் தயாரிக்கும் பழைய மென்பொருளையும் எடுத்துவிட்டேன்.

"அதை ஏங்க அழிச்சீங்க?"

"உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்க முடியாது. எனக்குத் திறந்த மூலம்தான் சரி."

"மூலம்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. என் பாடம் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் தமிழ் டீச்சர். தலைமையாசிரியை பதவிக்காகத் தேர்வுக் குழு முன்னால் மாதிரிப் பாடம் நடத்தவேண்டும். ஏழு வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு. அந்தப் பாடத்தை நானே கட்டற்றதில் மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

"பள்ளிக்கூடத்துல இது திறக்குமா?"

"திறக்கலைன்னா தப்பு பள்ளிக்கூடத்து மேல."

"கட்டிக்கிட்டவளை விட கட்டற்றது பெருசாப் போச்சா?"

நான் கட்டற்ற மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தைப் பத்தி பத்தியாக வாசித்துக் காட்டினேன். அவள் பையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாட்களும் போனாள். அக்கா மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் நடத்தும் நாள் வந்தது. காலை பத்து மணிக்குப் போன்.

"நீங்க கொடுத்ததைத் திறந்தேங்க. ஒரு எழுத்துகூட இல்ல. எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. நமக்குக் கட்டம் சரியில்ல போல."

வைத்துவிட்டாள்.

அன்று காலை அவள் மூன்று தடவை கண்ணாடி பார்த்தது நினைவுக்கு வந்தது. ஏழு வருடம்! போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பழைய மென்பொருளைத் தேடி எடுத்தேன். நாற்பது பக்க நிபந்தனை. ஒரு வரி படிக்கவில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினேன்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அங்கேயே சொல்லிட்டாங்க. நான்தான் தலைமையாசிரியை!"

"அந்தக் கட்டம்?"

"அது உங்க ஃபைல். நான் நடத்துனது அக்கா வீட்டு கம்ப்யூட்டர்ல செஞ்சது. மூணு வாரமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நீங்க எட்டாவது பத்தி வாசிச்சிட்டு இருந்தீங்க."

கொள்கை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று வாரம் அவள் பையைச் சுமந்து நடந்திருக்கிறாள். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேனா நான்?

"அப்புறம் எதுக்குப் போன் பண்ணே?"

அவள் திரையைப் பார்த்தாள். பழைய மென்பொருள் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"பண்ணலைன்னா இதைத் திரும்பப் போட்டிருப்பீங்களா? ஆமா, நிபந்தனையெல்லாம் படிச்சீங்களா?"

"இல்ல."

"விடுங்க, பழக்கம்தானே. என்னைக் கட்டிக்கும்போதும் படிக்காமத்தானே ஒப்புக்கிட்டீங்க."