ராமசுப்புவின் முப்பத்தெட்டு வயது

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலத்தை உயர்த்திய கண்டுபிடிப்பு, முகத்தைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன்தான். ராயபுரத்தில் நிலக்கரி இறக்கும் எங்கள் கம்பெனியின் 'வயது நிர்ணயக் கமிட்டி'க் காரியதரிசி என்ற முறையில், இதைச் சகலருக்கும் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன்.

வயதுக்கு ஒரு கமிட்டியா என்று கேட்பீர்கள். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, கம்பெனி ரிகார்டுகளையும் பத்திரமாக ரயிலேற்றி அனுப்பினோம். ஜப்பான்காரன் வரவில்லை. ரிகார்டுகளும் வரவில்லை. அன்று முதல் கம்பெனியில் யாருக்கும் வயது கிடையாது. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வால்டர் ஒவ்வொரு முகத்தையும் அரை நிமிஷம் உற்றுப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். அதுதான் வயது. ஐம்பத்தைந்து என்று சொன்னால் மறுநாள் வேலை கிடையாது.

லேபர் சூப்பரின்டெண்டு ராமசுப்புவுக்குப் போன வருஷம் 'ஐம்பத்துநாலு' விழுந்தது. மனிதர் கலங்கவில்லை. குடலிறக்கம் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பம்பாய்க்குப் போனார். யுத்தத்தில் சிதைந்த சிப்பாய்களின் முகங்களைச் செப்பனிட்ட டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். யுத்தம் முடிந்து சிப்பாய்கள் தீர்ந்துபோனதால், இப்போது கனவான்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். ராமசுப்புவின் கன்னத்தில் உபரியாக இருந்த தோலைக் கத்தரித்து, மீதியை இழுத்துக் காதுக்குப் பின்னால் தைத்து அனுப்பினார்.

இந்த ஆபரேஷனை உத்தேசிப்பவர்கள் முன்கூட்டியே மனைவியிடம் சொல்லிவிடுவது உத்தமம். ராமசுப்பு சொல்லவில்லை. கதவைத் திறந்த செல்லக்கனி அம்மாள், "யாரு வேணும்? வீட்டுல அவுக இல்லியே" என்று சொல்லிச் சாத்திவிட்டார். தையல் பிய்ந்துவிடும் என்பதால் சத்தம் போடவும் முடியாமல், உதட்டை அசைக்காமல் வாசலில் நின்று அவர் தம்மை நிரூபிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

கமிட்டி கூடியது. மானேஜர் மனோகரன் தலைமை. டாக்டர் வால்டர் ராமசுப்புவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தெட்டு!"

"பதினேழு வருஷ சர்வீஸ் பாக்கி. கங்கிராஜுலேஷன்ஸ்!" என்றார் மானேஜர். நான் கைதட்டினேன்.

அடுத்து அப்பாவு வந்தான். கல்மண்டபத்துக்காரன். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெயிலிலும் உப்புக்காற்றிலும் கரிக்கூடை சுமப்பவன். டாக்டருக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"ஐம்பத்தாறு."

"இன்னா சார் இது, எனக்கு முப்பத்தி மூணுதான் ஆவுது! எம் பொண்ணு இப்பதான் மூணாங்கிளாசு படிச்சிக்கினு கீது. வேல போச்சின்னா அத்த எப்டி சார் காப்பாத்துவேன்?"

"முகம் பொய் சொல்லாது" என்றார் டாக்டர். ராமசுப்பு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

அப்போது அப்பாவுவின் தாய் குப்பம்மா உள்ளே வந்துவிட்டாள். அவளும் எங்கள் கம்பெனியில் கரி சலிப்பவள்தான். "என்னிய அம்பத்தொண்ணுன்னு எய்தி வச்சிக்கினு, பதினெட்டு வயசுல நான் பெத்த புள்ளைக்கு அம்பத்தாறா? நாயமா சார் இது?"

மானேஜர் திகைத்தார். வயதுப் பேரேடு சங்கடமான நிலைமையில் இருந்தது.

குப்பம்மா ராமசுப்புவின் பக்கம் திரும்பினாள். "நைனா, நீயே சொல்லு. நீ அப்போ கூடை எண்ற குமாஸ்தா. எங்க வூட்டுக்கு வந்து, இவனத் தொட்டில்ல போட்டு அப்பாவுன்னு பேரு வச்சதே நீதான? நீ ஒரு வார்த்த சொன்னா போதும் நைனா."

"அப்படியா மிஸ்டர் ராமசுப்பு?" என்றார் மானேஜர்.

அப்பாவு, ராமசுப்புவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது எப்படி சார்?" என்றார் ராமசுப்பு. "இவனுக்கு முப்பத்து மூணுன்னா, அப்போ நானே அஞ்சு வயசுப் பிள்ளை. எனக்குத் தொட்டில் எட்டியிருக்குமா?"

அசைக்க முடியாத வாதம். கமிட்டி ஏகமனதாக ஏற்றது. தாய்க்கும் பிள்ளைக்கும் பதினெட்டு வருஷ வித்தியாசம் என்று குப்பம்மாவே ஒப்புக்கொண்டபடியால், ஐம்பத்தாறோடு பதினெட்டைக் கூட்டி அவளுக்கு எழுபத்துநாலு என்று நிர்ணயித்தோம். இருவருக்கும் அன்றே ஓய்வு. பேரேடு சரியாகிவிட்டது.

குப்பம்மா அழவில்லை. ராமசுப்புவின் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்தாள். "அஞ்சு வயசுப் புள்ளையா நீ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மகனின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

ராமசுப்புவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பம்பாய் டாக்டரின் கைத்திறமைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆபரேஷனுக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்: வெட்கப்படுவதற்குத் தேவையான தோலைத்தான் முதலில் கத்தரிக்கிறார்கள். அதற்காக மனிதர்கள் மயக்க மருந்தையும் தையலையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீர்மானத்தின் அடியில் காரியதரிசி என்று கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு எந்த ஆபரேஷனும் தேவைப்படவில்லை.