பசுமையாரும் பூஜ்ஜிய யூனிட்டும்

உலகத்தில் இருக்கும் கல்லூரிகள் அத்தனையிலும் என் கால் பட்டிருக்கிறது; அங்கே உலவும் பசுமையார்களில் நாலாயிரம் பேரையாவது நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். கல்லூரி மூன்று, பசுமையார் ஒருவர். ஆனால் அந்த ஒருவரே நாலாயிரம் பேருக்குச் சமம் என்பதால் பெரிய பிழை இல்லை.

பசுமையார் என்பது யார் என்கிறீர்களா? பூமி சூடாகிறது, அதைக் குளிர்விக்க எங்களாலானதைச் செய்வோம் என்று ஒரு கல்லூரி பெரிய தாளில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. போட்ட கையோடு எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். அந்தத் தாளை யாராவது தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமே? கூட்டம் முடிந்து நாற்காலியை விட்டுக் கடைசியாக எழுந்தவர் யாரோ, அவர் தலையில் அது விழும். மறுநாள் காலையிலிருந்து அவர் இயற்பியல் பேராசிரியர் அல்லர். பசுமையார்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஓர் அறையை விட்டு அவர் வெளியேறினால் விளக்கு அணையும். உள்ளே நாற்பது பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாலும் அணையும். ‘காகிதத்தைச் சேமிப்போம்’ என்று வழவழப்பான தாளில் நாலு வண்ணத்தில் அச்சடித்துக் கதவுக்கொன்று ஒட்டியிருப்பார். சாரலில் நனையாமலிருக்க அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார். அந்த உறையின் மேலேயே ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்று ஒரு சின்னத் தாளும் இருக்கும். ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜ் மின்சாரத்தை வீணாக்குகிறதா என்று பார்க்க, மணிக்கொரு தரம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பார். நீங்கள் தும்மினால்கூட, இது அவசியமா என்று ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும், “நம்ம பங்குக்கு நாம செய்யணும்ல?” என்றுதான் முடியும். செய்கிறவர்கள் நாம். முடிக்கிறவர் அவர்.

ஆனாலும் அவர் உயிரை வைத்திருந்தது மீட்டரில்தான். அறைக்கு ஒரு மீட்டர் மாட்டி, மாதம் பிறந்தால் எந்த அறை எத்தனை யூனிட் என்று முதல்வர் அறை வாசலில் பட்டியல் ஒட்டிவிடுவார். முதலிடத்தில் எப்போதும் அவருடைய அறை. பூஜ்ஜியம் யூனிட். பக்கத்தில் ‘முன்மாதிரி அறை’ என்று பச்சை மையில் எழுதியிருக்கும். விருந்தாளிகளை அழைத்துப்போய் அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டுவார். அவர்களும் அதை வெகுநேரம் பார்ப்பார்கள்; பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?

பட்டியலில் கடைசி இடம் நூலகத்தின் வாசிப்பறைக்கு. நூலகர் என் சின்ன நாத்தனார். ராத்திரி எட்டு மணி வரை அந்த அறை திறந்திருக்கும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ரொட்டிக்கடையில் நின்றுவிட்டு ஐந்தரைக்கு ஓடி வரும் பெண் ஒருத்தி. வீட்டில் ஒரே அறை, அதில் ஆறு பேர், ஒரு டிவி. கடைசி வருடத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாசிப்பறை இருந்தால் அவளுக்குப் பட்டம், இல்லாவிட்டால் ரொட்டி.

அந்த அறையில்தான், யாராவது அசைந்தால் மட்டும் எரிகிற விளக்குகளைப் பசுமையார் கொண்டுவந்து மாட்டினார். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணைந்துவிடும்.

“சார், படிக்கிறவங்க அசைய மாட்டாங்க. அசைஞ்சா படிக்கலைன்னு அர்த்தம்” என்றாள் நாத்தனார்.

“அசையட்டுமே மேடம், உடம்புக்கும் நல்லதுதானே. நம்ம பங்குக்கு...” என்று அவர் போய்விட்டார்.

பிறகென்ன? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது பேர் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே கையைத் தூக்கி ஆட்டினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் எட்டிப் பார்த்து, தன் வகுப்பில் ஒரு நாளும் இந்த ஒழுங்கு வந்ததில்லையே என்று பெருமூச்சு விட்டுப் போனார். ரொட்டிக்கடைப் பெண் கையைப் பேனாவுக்கு விட்டுவிட்டு, இடது காலை ஆட்டிக்கொண்டே பாதிப் பாடத்தை முடித்தாள். ஒரே மாதத்தில் அந்தக் கால் மற்றதைவிட இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள்.

ஆனால் நம்ப வேண்டியது ஒன்று நடந்தது. மாதக் கடைசியில் பார்த்தால், வாசிப்பறை மீட்டர் குறைவதற்குப் பதில் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. பசுமையாரின் முகம் செத்துவிட்டது. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் அறையைச் சாயங்காலம் நாலு மணிக்கே பூட்டிவிடுவது என்று அவரிடமிருந்து உத்தரவு வந்தது. நாலு மணிக்கு அந்தப் பெண் ரொட்டி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

என் நாத்தனார் ஒரு புத்தகம் காணோம் என்றால் கட்டடத்தையே கவிழ்த்துத் தேடுகிற ரகம். மீட்டர் ஏறிய காரணத்தையும் அப்படியே தேடினாள். பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு வயர் ஓடியது. வயரின் மறுமுனையில் ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, ஒரு வெந்நீர்க் கெட்டில், மடிக்கணினிக்கு ஒரு சார்ஜர். அந்தக் கல்லூரியில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்த மாதம்தான் வந்து இறங்கியது. மீட்டர் பார்க்கிறேன் என்று தினமும் அறை திறப்பதற்கு முன்பே சாவி வாங்கிக்கொண்டு போகிறவரும் ஒரே ஒருவர்தான்.

முன்மாதிரி அறையின் பூஜ்ஜியம் எங்கே விளைந்தது, புரிகிறதா? திருட்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் அழகு. அவர் அறையில் குறைந்தது, உண்மை. வேறு எங்கோ ஏறியது; அது அந்த அறையின் ஒழுக்கக் குறைவு.

நாத்தனார் சத்தம் போடவில்லை. பேட்டரியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அறிவிப்புப் பலகையில் எழுதினாள்: கண்டெடுக்கப்பட்டது, ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று. உரியவர், அது எங்கே சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது என்பதை எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.

அன்று மாலையே பசுமையார் ‘நடை வாரம்’ அறிவித்தார். கல்லூரியே நடக்க வேண்டும் என்றார். முதல்வர் ஒரு நாள் நடந்தார், மறுநாள் விடுப்பு எடுத்தார். நடை வாரம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பசுமையார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நூலக மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், அந்தப் பேட்டரி... நம்ம நண்பர் ஒருத்தரோடது.”

“அப்படியா சார், அவரை வரச் சொல்லுங்க.”

“அவருக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

“பரவாயில்ல, கூச்சம் போற வரைக்கும் நான் பத்திரமா வெச்சிருக்கேன். ஆனா நாலு மணிக்கே பூட்டிட்டா அப்புறம் எப்ப வந்து வாங்குவார்? அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க சார்.”

மறுநாள் காலை புது உத்தரவு வந்தது. வாசிப்பறை இனி ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அசைவு விளக்குகள் கழற்றப்படும். பேட்டரியை எந்த நண்பர் எப்போது வாங்கிப் போனார் என்று நாத்தனார் இதுவரை சொல்லவில்லை. ரொட்டிக்கடைப் பெண் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து படித்தாளாம். விளக்கும் அசையாமல் எரிந்ததாம்.

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. வீட்டில் சார்ஜ் போடாமல் அலுவலகம் போய்ச் சேரும்வரை கைபேசியை நீங்கள் பட்டினி போட்டதே இல்லையா? உங்கள் வாசல் குப்பையை எதிர்வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, தெரு சுத்தமாகிவிட்டது என்று கை தட்டிக்கொண்டதில்லையா? எதற்கும் இப்போதே ஒருமுறை திரும்பி, உங்கள் முதுகுக்குப் பின்னால் வயர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் எழுதி நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“எல்லாம் சரிதான் அண்ணி. ஒரே ஒரு திருத்தம். பேட்டரியும் கெட்டிலும் மட்டும்னா அவ்வளவு ஏறாதுன்னு எலக்ட்ரீஷியன் சொன்னார். மிச்சம், பேப்பர் படிக்க வர்றேன்னு அந்த மாசம் தினம் வந்து, ரெண்டு மணி நேரம் முழங்காலுக்கு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, அந்தக் கரண்ட் ஒத்தடப் பை.”